பந்தற்கால்களும் பேச்சு மேடையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளை. பள்ளி முடிந்து, வருகைப் பதிவேட்டைப் பூட்டிவிட்டு நாம் வெளியே வந்தபோது, வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. அவருடைய மகன் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். இப்போது நகரத்தில் பாலிடெக்னிக்கில் கணினி படிக்கிறான்.

"சார், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்று தொடங்கினார் அந்தத் தாய். "கோலாலம்பூர்ல ஏதோ கணினிக்காரங்க கூட்டமாம். ரெண்டு நாள் நடக்குதாம். போகணும்னா நுழைவுக்குக் காசு கட்டணுமாம், பஸ் செலவு வேற. நாலு பேரு மேடையில பேசறதைக் கேக்க எதுக்கு சார் காசு? அது படிப்பா, வேடிக்கையா?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு வெள்ளியும் எந்த வெயிலில் வந்தது என்று அறிந்தவர் கேட்ட கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஏனெனில், அந்தக் கூட்டம் எதற்கு என்று கூற வேண்டுமானால், அந்தப் பிள்ளை கற்கும் தொழில் எத்தகையது என்று முதலில் கூறியாக வேண்டும். அன்று அந்தத் தாயிடம் கூறியதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் ஓர் எளிய செய்தியைக் காண்போம். நீங்கள் கைத்தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்க்கிறீர்கள். அல்லது பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. நீங்கள் கேட்ட அந்த நொடியில்தான், எங்கோ ஒரு கணினி அதைத் தயாரித்து அனுப்புகிறது.

அது எவ்வாறு? நம் தோட்ட அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சன்னலண்டை போய், "சென்ற மாதச் சம்பளக் கணக்கு வேண்டும்" என்கிறீர்கள். வாசலில் இருப்பவர், இது எந்தக் கிராணியின் வேலை என்று பார்த்து அவரிடம் அனுப்புகிறார். அந்தக் கிராணி பேரேட்டைத் திறந்து உங்கள் பெயருக்கு நேரே உள்ளதைப் பார்க்கிறார். பிறகு அச்சிட்ட படிவம் ஒன்றை எடுத்து, காலியாக உள்ள இடங்களில் உங்கள் பெயரையும் தொகையையும் நிரப்பி உங்களிடம் நீட்டுகிறார். வாசலில் வழிகாட்டுபவர், வேலை செய்யும் கிராணி, விவரம் இருக்கும் பேரேடு, நிரப்பித் தரும் படிவம் ஆகிய நான்கும் சேர்ந்தால் காரியம் முடிந்தது. இணையத்திலும் இதே நான்குதான். கேட்ட முகவரியைப் பார்த்து வழிகாட்ட ஒரு பகுதி; வேலையைச் செய்ய ஒரு பகுதி; விவரங்களைச் சேமித்து வைக்க ஒரு பகுதி; பக்கத்தின் வடிவத்துக்கு ஒரு பகுதி.

இனி நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேருந்துப் பக்கமாக இருந்தாலும், பள்ளிப் பக்கமாக இருந்தாலும், கடைப் பக்கமாக இருந்தாலும் இந்த நான்கு வேலைகளும் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் விவரம்தான் மாறுகிறது. அப்படியானால், ஒவ்வொரு முறையும் இவற்றைப் புதிதாகச் செய்வது வீண் உழைப்பு அல்லவா?

நம் தோட்டத்துத் திருமணங்களில் பந்தல் போடுகிறோம். மணமக்கள் வேறு, விருந்து வேறு, தோரணம் வேறு. ஆனால் கால்களும் குறுக்குச் சட்டங்களும் கூரைத் தகரமும் அதே சாமான்கள்தாம். ஒவ்வொரு திருமணத்துக்கும் காட்டுக்குப் போய் மரம் வெட்டிக் கால் செதுக்குகிறவர் எவரும் இல்லை. இணையப் பக்கங்களைச் செய்கிறவர்களும் இவ்வாறே, எப்போதும் தேவைப்படும் கால்களையும் சட்டங்களையும் ஒருமுறை நன்றாகச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாமான் தொகுதிக்குத்தான் இணையச் சட்டகம் என்று பெயர். ஆங்கிலத்தில் வெப் பிரேம்வொர்க் என்பார்கள். அந்தத் தாயின் மகன் கற்றுக்கொண்டிருந்தது 'ஜாங்கோ' என்ற சட்டகம். அதன் பிறப்பைக் கூறினால், மற்றவை தாமே விளங்கும்.

அமெரிக்காவில் கான்சஸ் என்ற மாநிலம் கோதுமை விளையும் பூமி. அங்கே லாரன்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். பெருநகரம் அன்று. அந்த ஊருக்கென்று 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற நாளிதழ் உண்டு. 2003ஆம் ஆண்டில் அந்த நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டி என்ற இளைஞர் நிரலாளராக இருந்தார். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சைமன் வில்லிசன் என்ற மாணவர், படிப்பின் நடுவே ஓராண்டு வேலைப் பயிற்சிக்காகக் கடல் கடந்து அங்கே வந்து சேர்ந்தார்.

நாளிதழ் வேலை எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் அறிவீர்கள். செய்தி காத்திருக்காது. ஊரில் இன்று என்ன கச்சேரி, நேற்றைய பந்தாட்டத்தில் யார் வென்றார், தேர்தலில் யாருக்கு எத்தனை வாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் புதுப்புதுப் பக்கம் வேண்டும் என்பார் ஆசிரியர். அதுவும் நாளைக்கு, சில வேளைகளில் இன்று மாலைக்குள். முன்பு அவர்கள் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதி வந்தார்கள். பக்கங்கள் பெருகப் பெருக அவற்றைக் கட்டிக் காப்பது கடினமாயிற்று. ஆகவே, பைத்தான் என்ற மொழிக்கு மாறினார்கள். பைத்தான் எழுதுவதற்கு எளியது, படிப்பதற்கும் எளியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

சட்டகம் ஒன்று செய்ய வேண்டும் என்று அவர்கள் திட்டம் போட்டு உட்காரவில்லை. ஒரு பக்கத்துக்கு எழுதியது அடுத்த பக்கத்துக்கும் தேவைப்பட்டது. அதை எடுத்துத் தனியே வைத்தார்கள். மூன்றாவது பக்கத்துக்கு மற்றொன்று கிடைத்தது. இவ்வாறு அவசரத்திலும் வேலை நெருக்கடியிலும் சேர்ந்ததுதான் அந்தப் பந்தற் சாமான். சைமன் ஓராண்டு முடிந்து ஊர் திரும்பினார். ஜேக்கப் கப்லான்-மாஸ் என்ற நிரலாளரும், வில்சன் மைனர் என்ற வடிவமைப்பாளரும் வந்து சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

இதே காலத்தில் டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் என்பவரும், பேஸ்கேம்ப் என்ற அலுவல் தளத்தைச் செய்யும்போது பிறந்த சட்டங்களைப் பிரித்தெடுத்து, 2004ஆம் ஆண்டில் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததன்று. இரண்டும் அன்றாட வேலையிலிருந்தே முளைத்தன. நல்ல பால்வெட்டுக் கத்தியின் வளைவு மரத்தடியில் நின்று வெட்டியவர் கைக்கு ஏற்ப அமைந்தது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நாளிதழின் அலுவலகத்தில் பிறந்ததால் ஜாங்கோவுக்கு ஒரு தனிச் சிறப்பு வாய்த்தது. செய்தியாளர்கள் நிரல் எழுதத் தெரியாதவர்கள். ஆனால் செய்தியை உள்ளே சேர்க்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். எனவே, "ஒரு கச்சேரிக்குப் பெயர், இடம், நாள், நேரம் ஆகிய நான்கு விவரங்கள் உண்டு" என்று நிரலாளர் எழுதிவிட்டால் போதும். அந்த நான்கையும் நிரப்புவதற்குரிய படிவப் பக்கத்தை ஜாங்கோ தானாகவே அமைத்துக்கொடுத்துவிடும். செய்தியாளர் அதை நிரப்பிச் சேமித்தால் வாசகர் பக்கத்தில் கச்சேரி வந்துவிடும். பல நாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

இன்னொரு நன்மை பாதுகாப்பு. நேயர்களே, ஒருவர் விடுப்பு விண்ணப்பத்தில், "காரணம்" என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதுவதற்குப் பதிலாக, "இந்த ஆளுக்கு உடனே 500 வெள்ளி கொடுக்கவும்" என்று எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவனமில்லாத கிராணி அதை மேலிடத்து உத்தரவு என்று எண்ணிக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இணையத்தில் திருடர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் கட்டளை எழுதி, கணினியை ஏமாற்றப் பார்க்கிறார்கள். புதிதாகத் தொழில் கற்ற பிள்ளைக்கு இந்தச் சூதெல்லாம் தெரிந்திருக்காது. நல்ல சட்டகமோ, கட்டத்தில் எழுதியது எதுவானாலும் அது வெறும் எழுத்து, கட்டளை அன்று என்று முன்னதாகவே பிரித்து வைத்துவிடுகிறது. மூத்தவர்கள் அடிபட்டுக் கற்ற பாடம் இளையவருக்குக் காவலாக நிற்கிறது என்று பொருள்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். அந்தச் சாமானை நாளிதழ் நிறுவனம் பூட்டி வைத்திருக்கலாம், விலைக்கு விற்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதை உலகுக்கு இலவசமாக வெளியிட்டது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், அதைக்கொண்டு சம்பாதிக்கவும் செய்யலாம். முதலில் செய்தவர் யார் என்ற குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது. பலர் கைபட்டால் சாமான் உறுதிப்படும், குறைகள் வெளிவரும் என்பது இத்தகைய ஏற்பாட்டின் அடிப்படை. 2008ஆம் ஆண்டில் அதைப் பேணுவதற்கென்றே இலாப நோக்கில்லாத அமைப்பு ஒன்றும் ஏற்பட்டது. 2010ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராம் என்ற படப் பகிர்வுத் தளம் தொடங்கியபோது, அதைச் செய்தவர்கள் ஜாங்கோவின் மேல்தான் கட்டினார்கள். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஓயாமல் பார்க்கிறார்களே, அதே இன்ஸ்டாகிராம்தான். லாரன்ஸ் நாளிதழ் 2016ஆம் ஆண்டில் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் அங்கே பிறந்த சாமான் எவர் கைக்கும் போகவில்லை. அது பொதுவில் இருக்கிறது.

அதன் பெயரைப் பற்றியும் கூற வேண்டும். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் கிட்டார் கலைஞர். 1910ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில், ஊர் ஊராய் வண்டியில் செல்லும் ரோமானி மக்கள் குடும்பத்தில் பிறந்தவர். 1928ஆம் ஆண்டில் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து சுருங்கிவிட்டன. கிட்டாரின் தந்தியை அழுத்துவதற்கு இடக்கைதான் வேண்டும். இனி இவர் வாசிக்க இயலாது என்றே எவரும் எண்ணுவர். அவரோ மிஞ்சியிருந்த இரண்டு விரல்களுக்குத் தக்கபடி வாசிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கலைஞர்களுள் ஒருவராகி, 1953ஆம் ஆண்டில் மறைந்தார். ஏட்ரியன் ஹோலோவாட்டி அவருடைய இசைமுறையில் கிட்டார் வாசிப்பவர். தாம் செய்த கருவிக்கு அவர் பெயரையே இட்டுவிட்டார்.

சரி, பந்தலைப் பற்றிக் கூறியாயிற்று. கூட்டம் எதற்கு என்ற தாயின் கேள்விக்கு வருவோம்.

பொதுவில் உள்ள சாமானுக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாவிட்டால் கால் உளுத்துப்போனதை யார் பார்ப்பது? பயன்படுத்துகிறவர்கள்தாம் பார்க்க வேண்டும். அவர்களோ உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். கடிதத்திலும் கணினித் திரையிலும் மட்டும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் கூடினால்தான் மனம் விட்டுப் பேச முடிகிறது. பைத்தான் மொழிக்காரர்கள் 2003ஆம் ஆண்டில் வாஷிங்டனில் 'பைகான்' என்ற பெயரில் முதன்முதலாகக் கூடினார்கள். ரூபி ஆன் ரெயில்ஸ்காரர்கள் 2006ஆம் ஆண்டில் சிக்காகோவில் கூடினார்கள். ஜாங்கோக்காரர்களின் முதல் மாநாடு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவில் நடந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பைகான் 2010ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கூடியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில்.

அந்த முதல் ஜாங்கோ மாநாட்டில் நடந்த ஒன்றைக் கூறியாக வேண்டும். மாநாடு என்றால் வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்து பேசுவார்கள் என்றுதானே எண்ணுவோம்? அவர்களோ, அப்போது பிளிக்கர் என்ற பெரிய படத் தளத்தில் பொறியியல் தலைவராக இருந்த கேல் ஹெண்டர்சன் என்பவரை அழைத்து மேடையேற்றினார்கள். அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, 'நான் ஏன் ஜாங்கோவை வெறுக்கிறேன்' என்பது. நகைச்சுவையாகத்தான் பேசினார், ஆயினும் கூட்டம் மிகுந்த பெரிய தளங்களுக்கு இந்தச் சாமானில் என்னென்ன போதாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். செய்தவர்களே முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். குறையைக் கூறுகிறவரைக் காசு செலவழித்து அழைத்து வந்து மாலை போடுகிற துணிவு எந்தத் தொழிலுக்கும் வேண்டும். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் இது இருந்தால் நல்லது.

இத்தகைய மாநாடுகளில் அரைமணி, முக்கால் மணி நேரப் பேச்சுகள் உண்டு. அவற்றைவிடக் கலகலப்பானவை 'மின்னல் பேச்சுகள்'. ஆளுக்கு ஐந்தே நிமிடம். பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லை. பெயர் கொடுத்தவர் மேடைக்கு வந்து தாம் செய்ததைக் காட்டலாம். ஐந்து நிமிடம் முடிந்தால் கைதட்டி இறக்கிவிடுவார்கள். முதன்முதலாக மேடையேறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடைக்காது.

மாநாடு முடிந்த பிறகும் பலர் ஊர் திரும்பாமல் ஓரிரு நாள், சில இடங்களில் நான்கு நாள்கூடத் தங்குகிறார்கள். மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பொதுச் சாமானைச் செப்பனிடுகிறார்கள். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று சேர்ந்து கால்வாய் வெட்டுகிறோமே, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அதுதான். புதியவர்களுக்கு முதலில் எளிய வேலை கொடுப்பார்கள். வழிகாட்டிக் கையேட்டில் ஒரு வாக்கியம் தவறாக இருக்கும். விளக்கம் குழப்பமாக இருக்கும். அதைத் திருத்தி அனுப்பச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கற்றுக்கொடுப்பார். அந்தத் திருத்தத்தை மூத்தவர் பார்த்து ஏற்றுக்கொண்டால், உலகெங்கும் அந்தக் கையேட்டைப் படிப்பவர்கள் அந்தப் பிள்ளை திருத்திய வாக்கியத்தைப் படிப்பார்கள்.

நாம் முன்பு கூறிய சைமன் வில்லிசன் இந்த மாநாடுகளில் ஊறியவர். எந்த ஊரில் எந்தக் கூட்டம், யார் பேசுகிறார், தெரிந்தவர் யார் வருகிறார் என்பதெல்லாம் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. 2010ஆம் ஆண்டில் அவருக்கும், அதே தொழிலில் இருந்த நாட்டலி டவுன் என்பவருக்கும் திருமணமாயிற்று. இருவரும் நெடுந்தொலைவுத் தேனிலவுப் பயணம் போனார்கள். மொராக்கோ நாட்டில் காசாபிளாங்கா நகரத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருவருக்கும் உடல்நலம் கெட்டது. இரண்டு வாரம் ஓரிடத்தில் அறை எடுத்து இளைப்பாற வேண்டியதாயிற்று. அந்த ஓய்விலேயே, மாநாடுகளை எல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் 'லேன்யார்ட்' என்ற தளத்தை வெளியிட்டார்கள். அதைக் கட்டியதும் ஜாங்கோவின் மேல்தான். 2013ஆம் ஆண்டில் ஈவண்ட்பிரைட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. மாணவராக வந்து பந்தற்கால் நட்டவர், பிறகு அதே பந்தலின் கீழ்த் தம் குடும்பத் தொழிலையும் நடத்தினார்.

நல்லதை மட்டும் கூறி நாம் அமர்ந்துவிடக் கூடாது. மாநாட்டுக்குப் போய் வருவதற்குக் காசு வேண்டும். சில மாநாடுகளில் கருவி விற்க வந்த நிறுவனங்களின் கடைவரிசைதான் பெரிதாக இருக்கும். அன்பளிப்புப் பையும் சட்டையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கற்காமல் திரும்புகிறவரும் உண்டு. பெண்கள் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தார்கள். வந்தவர்களும் மரியாதைக் குறைவைச் சந்தித்தது உண்டு. அதனால்தான் இன்று பல மாநாடுகளில் நடத்தை விதிகளை எழுதி முன்னரே அறிவிக்கிறார்கள்.

குறையைக் கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஓலா சித்தார்ஸ்கா, ஓலா செந்தெட்ஸ்கா என்ற இரு போலந்து நாட்டுப் பெண்கள், 2014ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த ஐரோப்பிய பைத்தான் மாநாட்டோடு சேர்த்து, நிரலே அறியாத பெண்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். 'ஜாங்கோ கேர்ள்ஸ்' என்பது அதன் பெயர். கட்டணம் இல்லை. ஒரே நாளில் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இணையத்தளம் செய்துவிட வேண்டும் என்பது குறிக்கோள். அதற்கு அவர்கள் எழுதிய பாடத்தையும் இணையத்தில் இலவசமாகவே வைத்தார்கள். பல நாடுகளில் பலர் அதைப் பின்பற்றிப் பயிலரங்குகள் நடத்தினார்கள்.

அமெரிக்கப் பைகானில் இன்னொரு வழக்கம் உண்டு. நெடுங்காலம் எல்லாரும் நுழைவுக் கட்டணம் செலுத்தினார்கள். மேடையில் பேசியவரும் செலுத்தினார். வர இயலாதவர்களுக்குப் பயண உதவித் தொகைக்கென்று பணம் ஒதுக்குகிறார்கள். கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். கேட்பது இழுக்கு என்று அங்கே எவரும் கருதுவதில்லை.

அதே லாரன்ஸ் நாளிதழில் பணியாற்றிய எரிக் ஹோல்ஷர் என்பவர் ஒரு சிறிய வழக்கத்தைப் பரப்பினார். பேக்-மேன் என்ற பழைய விளையாட்டை நேயர்களுள் சிலர் கண்டிருக்கலாம். மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்தபடி ஓடும். மாநாட்டின் இடைவேளையில் நான்கைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது, அந்த வட்டத்தை முழுதும் மூடாமல், பேக்-மேனின் வாயைப் போல ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நிற்க வேண்டும் என்றார் அவர். தனியாக நிற்கிற புதியவர் அந்த இடைவெளியில் வந்து நிற்கலாம். வந்து நின்றதும், மற்றவர்கள் சற்று நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

நேயர்களே, அந்தத் தாயிடம் நாம் கூறியது இதுதான். "அம்மா, இது வேடிக்கையும் ஆகலாம், படிப்பும் ஆகலாம். அது போகிற பிள்ளையின் கையில் இருக்கிறது. முதலில் பழைய மாநாட்டுப் பேச்சுகளை இணையத்தில் பார்க்கட்டும். பெரும்பாலானவற்றை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பார்த்துப் பத்துக் கேள்வி எழுதி வரட்டும். கேள்வி இருந்தால் போகலாம். காசு போதாவிட்டால், நடத்துகிறவர்களுக்கு நிலைமையை மறைக்காமல் எழுதி உதவி கேட்கட்டும்."

தாய் சற்று யோசித்தார். "கேட்டா கேவலமா நினைக்க மாட்டாங்களா, சார்?" என்றார்.

"அவர்கள் சாமானையே இனாமாகக் கொடுத்தவர்கள், அம்மா" என்றோம்.

பிள்ளை பத்துக் கேள்விக்குப் பதிலாகப் பதினான்கு எழுதி வந்தான். அதில் பாதி நமக்கே புரியவில்லை. நடத்துகிறவர்களுக்கு எழுதினான். நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பஸ் செலவைத் தாய் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் பள்ளிக்கு வந்தான். முதல் நாள் முழுதும் தேத்தண்ணி மேசை அருகே தனியாகவே நின்றானாம். தன் ஆங்கிலத்தை எண்ணி வாய் திறக்கக் கூச்சமாம். இரண்டாம் நாள் ஒரு வட்டத்தில் இடைவெளி கண்டு போய் நின்றானாம். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்களாம். தோட்டத்திலிருந்து என்றானாம். பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டார்களாம். பேச்சு அப்படியே வளர்ந்து, மாலையில் அவர்களுடன் மேசையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு பொதுக் கருவியின் கையேட்டில் ஒரு வரியைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். அது ஏற்கப்பட்டது. அவன் பெயரும் அங்கே பதிவாகியிருந்தது.

தாயும் உடன் வந்திருந்தார். "ரெண்டு நாளு போயி ஒரு வரியா திருத்தினே?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, கைத்தொலைபேசியை அவனிடமிருந்து வாங்கி, அந்த வரி எது என்று காட்டச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியின் அடியில் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

பெற்றோர்களே, கணினித் தொழிலில் சேர்ந்தால் காசு கொட்டும் என்று நாம் கூற மாட்டோம். இந்தச் சட்டகங்கள் ஓரிடத்தில் நிற்பவையும் அல்ல. 2017ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஜாங்கோவின் இரண்டாம் பதிப்பு, பைத்தானின் பழைய வகையைக் கைவிட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் புதிய பதிப்புக்கு மாறத் தம் நிரலைத் திருத்த வேண்டியதாயிற்று. கற்றது போதும் என்று உட்கார முடியாத தொழில் இது. வீட்டில் கணினி வேண்டும். ஓரளவு ஆங்கிலமும் வேண்டும். பொறுமை மிக வேண்டும். ஆனால் கருவிக்கு விலை இல்லை. பாடப் புத்தகத்துக்கும் விலை இல்லை. உங்கள் பிள்ளை இதைக் கற்க விரும்பினால், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று முதல் சொல்லிலேயே மறுத்துவிடாதீர்கள். நாலு கேள்வி எழுதி வரச் சொல்லுங்கள். பள்ளியில் ஆசிரியரைப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை உங்கள் பிள்ளையிடம் கேட்டு நாமும் கற்றுக்கொள்கிறோம்.